லேத்தின் பல்லில் தங்கம்

பிரான்சிஸ்,

இதை நீ வேலைக்குப் போகிற பஸ்ஸில் வைத்துப் படிக்காதே. ஷீலா பக்கத்தில் இருக்கும்போதும் வேண்டாம். எங்காவது தனியாக உட்கார்ந்து அவசரமில்லாமல் படி. ஒரே வீட்டில், பக்கத்து அறையில் இருந்துகொண்டு அம்மா கடிதம் எழுதுகிறாளே, கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நானும் சொல்லிவிடலாம் என்றுதான் பார்க்கிறேன். நீ சாப்பிட உட்காரும்போது உன் எதிரில் வந்து நிற்கிறேன், நீ நிமிர்ந்து “என்னம்மா?” என்கிறாய், “இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தவா?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன். இந்த வாரம் நீ வழக்கத்தைவிட நிறையக் குழம்பு சாப்பிட்டிருக்கிறாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உன் கல்யாண ஓலையைக் கடைசித் தடவையாக வாசித்தார்கள். பூசை முடிந்ததும் நாம் மூன்று பேரும் செசிலி சித்தி வீட்டுக்குப் போனோம். தேக்கா சந்தைக்கு மேலே அந்த அடுக்குமாடி வீட்டில் அவள் விடியற்காலையிலேயே எழுந்து கோழி வாங்கி, நமக்காகச் சமைத்து வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அலமாரியைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து வந்தாளே, அதற்குள் என்ன இருக்கிறது என்று அவள் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். உன் சித்தப்பா சூசையின் கல்யாண மோதிரம். அதை உன் விரலில் போட்டுப் பார்த்தாள். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. ஷீலா கைதட்டினாள்.

“இது உனக்குத்தான்னு வெச்சிருந்தேன். கோயில்ல சாமியார் மந்திரிச்சு ஷீலா கையால உனக்குப் போடட்டும். ஆனா ஒண்ணு, போட்டா கழட்டக் கூடாது,” என்றாள்.

“சரி சித்தி.”

“சும்மா சரிங்காத. உன் சித்தப்பா கழட்டினாரு. வேலைக்கு இடைஞ்சலா இருக்குன்னு கழட்டிச் சட்டைப் பையில போட்டாரு. என்னாச்சு பாத்தியா? குளிக்கும்போதும் கழட்டாத, தூங்கும்போதும் கழட்டாத, உங்கப்பா மெஷின்கிட்ட நிக்கும்போதும் கழட்டாத. என் தலையில கைய வெச்சு சத்தியம் பண்ணு.”

நீ சிரித்துக்கொண்டே அவள் தலையில் கை வைத்தாய். “சத்தியமா கழட்ட மாட்டேன் சித்தி. போதுமா லா?” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு நின்றிருந்தேன். தட்டு கை நழுவி விழவில்லை, அதெல்லாம் சினிமாவில்தான் விழும். நான் உள்ளே போய் எல்லாத் தட்டையும் கழுவினேன். கழுவி வைத்ததை மறுபடியும் எடுத்துக் கழுவினேன்.

கல்யாணம் முடிந்ததும் செம்பவாங்கில் நீ வாடகைக்கு எடுத்திருக்கிற வீட்டுக்கு அப்பாவின் லேத்தை, அந்தக் கடைசல் மெஷினை, கொண்டுபோகப் போகிறாய். பின்பக்கம் அதற்காக சிமெண்டு போட்டாயிற்று. அப்பா போனதிலிருந்து துரு ஏறிக் கிடக்கிற அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டி ஓட்ட வேண்டும் என்பது உன் ஆசை. நல்ல ஆசைதான், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அந்த மோதிரம் விரலில் இருக்கும்போது நீ அந்த லேத்தின் முன்னால் நிற்கக் கூடாது. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஏன் என்று சொல்லாமல் இதை மட்டும் சொன்னால் நீ கேட்க மாட்டாய், நீ உன் சித்தியிடம் சத்தியம் பண்ணியிருக்கிறாய்.

உன் சித்தப்பா எப்படி இறந்தான் என்று உனக்கு ஒரு கதை தெரியும். காலாங் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிற டர்னராக இருந்தான், ஒருநாள் லேத்தின் லீவர் தானாக விழுந்து மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது, கை உள்ளே இருந்தது, இழுத்துக்கொண்டது, ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. பிறகு அந்தப் பட்டறை மூடியபோது உன் அப்பா அதே லேத்தை வாங்கி வந்து, லீவரைச் சரிபண்ணி, இனி அது யாரையும் ஒன்றும் செய்யாதபடி ஆக்கினார். நீ சின்னப்பிள்ளையாக இருந்ததிலிருந்து இதைத்தான் கேட்டு வளர்ந்தாய். இதில் லீவரைத் தவிர மற்றதெல்லாம் நிஜம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நீ இன்னும் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கவில்லை. நாம் பொங்கோலில் தகரக் கூரை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு செம்பவாங்கில் கப்பல் பட்டறை வேலை, எனக்குத் தோ பாயோவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிப்ட் வேலை. சூசையை அடக்கம் பண்ணி ஆறேழு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் மத்தியானம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு லாரி வாசலுக்கு வந்தது. அதன்மேல் கித்தான் போர்த்திய பெரிய சாமான் ஒன்று. உன் அப்பா முன்னால் இருந்து இறங்கி, என்னைப் பார்க்காமல் பின்னால் போனார். கித்தானை விலக்கியதும் எனக்கு விளங்கிவிட்டது. சூசை என்னையும் உன்னையும் ஒருநாள் பட்டறைக்குக் கூட்டிப்போய் அதைக் காட்டியிருக்கிறான், புது மாட்டைக் காட்டுகிற மாதிரி அதைத் தட்டித் தட்டிக் காட்டினான்.

“செத்தவன் ரத்தம் பட்ட சாமானை வீட்டுக்குக் கொண்டாந்திருக்கீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?” என்று லாரிக்காரன் முன்னாலேயே கேட்டேன்.

“கடையை மூடுறாங்க. பழைய இரும்புக்குப் போகப் போகுது. விட மனசு வரல,” என்றார். அவ்வளவுதான். பக்கத்துப் பன்றிப் பண்ணைக்காரச் சீனர் தன் ஆட்களோடு வந்து, கீழே குழாய்களைப் போட்டு, “பெராட் லா, பெராட்,” என்று கனத்தைத் திட்டிக்கொண்டே அதைப் பின்னால் இருந்த கொட்டகைக்கு உருட்டிக் கொடுத்தார். நான் கோயிலிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த தீர்த்தத்தை எடுத்துப் போய் அதன்மேல் தெளித்தேன். “துருப் பிடிக்கும்,” என்று உன் அப்பா உடனே துணியை எடுத்துத் துடைத்தார். அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை. பேசாவிட்டாலும் சோறு போட வேண்டுமே, போட்டேன், பாத்திரத்தின் சத்தம் பொங்கோல் கடற்கரை வரை கேட்டிருக்கும்.

அவர் வேலைவிட்டு வந்ததும் நேராகக் கொட்டகைக்குத்தான் போவார். பிரித்தெடுத்த பாகங்கள் மண்ணெண்ணெய் டின்களில் ஊறிக்கிடக்கும். பழைய பச்சைப் பெயிண்டைச் சுரண்டினால் அடியில் சாம்பல் நிறம், அதற்கடியில் கறுப்பு. ஒவ்வொரு கியரையும் கம்பித் தூரிகையால் தேய்த்துக் காயவைத்து எண்ணெய் பூசி, பழைய துணியில் சுற்றி வைப்பார். பிறகு லேத்தின் பெட் வந்தது. அது ஒரு நீளமான இரும்பு மேடை, அதன்மேல்தான் எல்லாம் முன்னும் பின்னும் நகரும். பல வருஷம் ஒரே இடத்தில் வேலை நடந்து நடந்து அந்த இடம் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் பள்ளமாகியிருந்தது. அதைச் சமமாக்க வழி ஒன்றுதான். ஒரு நேரான இரும்புச் சட்டத்தில் நீல மையைப் பூசி மேலே வைத்து எடுத்தால், மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். ஒட்டிய இடத்தைக் கைச்சுரண்டியால் தூசி தூசியாகச் சுரண்ட வேண்டும். மறுபடி மை, மறுபடி சுரண்டல். உன் அப்பாவுக்கு அந்த நீலப் பொட்டுகள் சரியாகத் தெரியவில்லை. ஒருநாள் நான் டீ கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பும்போது, “உன் கண்ணைக் கொஞ்சம் குடேன்,” என்றார். இத்தனை நாள் பேசாமல் இருந்த பெண்டாட்டியிடம் கண்ணைக் கேட்டார். வேறு யாராவது இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள்.

குடுத்தேன். பிறகு கையையும் குடுத்தேன். கம்பெனியில் எனக்கு நாள் முழுக்க மைக்ராஸ்கோப் வேலை, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சின்னஞ்சிறு தகட்டில் ஒட்டவைக்க வேண்டும். மூச்சைப் பிடித்து கையை அசையாமல் வைக்கப் பழகியவள் நான். சுரண்டி என் கையில் சொன்னபடி கேட்டது. அந்த வேலை எனக்குப் பிடித்துவிட்டது, பிரான்சிஸ். சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனால் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போதே மனசு கொட்டகைக்குப் போய்விடும். பள்ளத்தை நிரப்ப முடியாது, மற்ற இடமெல்லாம் அந்தப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறங்கி வர வேண்டும் என்று அப்பா சொன்னார். அதைக் கேட்டபோது சூசை செத்த பிறகு எங்கள் வீடு இருந்த இருப்புதான் எனக்கு நினைவு வந்தது. நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தது அந்த மேடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து நின்றபோதுதான்.

ஆனால் அந்தக் கொட்டகையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்ததாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மெஷினைத் திருப்புகிற கைப்பிடி சூசையின் உள்ளங்கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. உன் அப்பா அதைப் பிடிக்கும்போது எப்போதும் தேயாத பக்கமாகவே பிடிப்பார். மழை விட்டுக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சாயங்காலங்களில் மெஷினின் சுழல்கிற தலைப்பாகத்தை, ‘சக்’ என்பார்கள், கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால், அது இன்னும் கொஞ்சம் தானாகச் சுற்றி, மெல்ல நிற்கும். நிற்கும்போது ஒரு சத்தம் வரும், பெருமூச்சு மாதிரி. நான் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு, “அண்ணி, இன்னைக்கு மீன் கொழம்புதானே?” என்று கேட்டுக்கொண்டே நுழைவானே, அந்தக் குரலை எதிர்பார்த்துத் திரும்புவேன். எனக்குப் பயம் வந்ததில்லை. ஒரு கூச்சம்தான் வந்தது, அவன் சாமானை அவனைக் கேட்காமல் பிரித்துப் போட்டிருக்கிற கூச்சம்.

கடைசியாகத்தான் அந்த ‘சக்’கைப் பிரித்தோம். கடைய வேண்டிய தண்டைக் கவ்விப் பிடித்துச் சுழல்கிற பாகம் அது. அதில் மூன்று இரும்புப் பற்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு எண் வெட்டியிருக்கும். உனக்குத் தெரிந்ததுதான். மண்ணெண்ணெயில் ஊறிய பற்களை நான் துடைத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு என்று போட்ட பல்லின் வெளி விளிம்பில், ஒரு அரிசி நீளத்துக்கு மஞ்சளாக ஏதோ தேய்ந்து ஒட்டியிருந்தது.

“இது என்ன?” என்று கேட்டேன்.

அவர் பார்க்காமலே, “பித்தளை. ஏதாவது வளையம் கடைஞ்சிருப்பான்,” என்றார்.

“இது பித்தளை இல்ல.”

“பித்தளைதான்.”

“நாள் பூரா தங்கத்தைத்தான் பாக்குறேன். எனக்கா தெரியாது?”

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். பக்கத்தில் கவிழ்த்திருந்த டின்மேல் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “லீவரும் இல்ல, ஒண்ணும் இல்ல. மெஷின்ல ஒரு குத்தமும் இல்ல. மோதிரத்தைக் கழட்டிட்டு வேலை செய்டான்னு கூட இருந்தவங்க எல்லாரும் சொல்லியிருக்காங்க. பொண்டாட்டி கழட்டக் கூடாதுன்னு சொல்லிருக்கா, புதுசா கல்யாணம் ஆனவன் லா நான், அப்படின்னு சிரிச்சிருக்கான். ஓடுற தண்டை எமரித் தாளால தேச்சுக்கிட்டு இருந்தப்ப மோதிரம் அந்தப் பல்லுல மாட்டிக்கிச்சு. கையோட இழுத்திருச்சு.”

சூசைக்கும் செசிலிக்கும் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்களாம். அதை ஒரு கவரில் போட்டு உன் அப்பாவிடம் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது எதிரில் செசிலி. “எப்படி அத்தான் ஆச்சு?” என்று கேட்டாளாம். உன்னாலதான் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பெண்ணுக்கு அப்போது இருபது வயசு. மெஷின் தானா ஓடிருச்சும்மா என்று வாய் சொல்லிவிட்டது. “மோதிரம்?” என்று கேட்டாள். அவன் பையில இருந்துச்சு, தரேன் என்றார். தரேன் என்று சொன்னவர் அன்றைக்குத் தரவில்லை. மறுநாள் சிராங்கூன் ரோட்டில் ஒரு பத்தரிடம் போய், அவர் அதை ஒட்டி இழைத்துப் பழையபடி ஆக்கிக் கொடுக்கும்வரை கடையிலேயே உட்கார்ந்திருந்து, வாங்கிக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தார். இதையெல்லாம் எனக்கும் சொல்லாமல் அத்தனை மாதம் சுமந்திருக்கிறார்.

“பழியத் தூக்கி மெஷின் மேல போட்டுட்டேன்,” என்றார். “அது நல்ல மெஷின். சனிக்கிழமை தவறாம அவன் துடைச்சு வெச்ச மெஷின். கொலைகார மெஷின்னு எல்லார் வாயிலயும் வந்துருச்சு, அது பாட்டுக்கு இரும்புக் கடையில கிடந்து உடைபடணுமா? அதான் கொண்டாந்தேன்.”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. “மனுஷிக்குப் பொய் சொல்லிட்டு இரும்புகிட்ட பாவசங்கீர்த்தனமா?” என்று கேட்டுவிட்டேன். அவர் துணியை எடுத்து அடுத்த பல்லைத் துடைத்தார். அவர் அப்படித்தான், கேள்வி சரியாக இருந்தால் பதில் சொல்ல மாட்டார். அந்த லேத்தில் அவர் தேய்க்காத இடமில்லை, பளபளப்பாக்காத திருகில்லை. அந்தப் பல்லை மட்டும் தொடவில்லை. கொஞ்சம் எண்ணெய் பூசி அப்படியே மாட்டினார். இப்போதும் அது அங்கேதான் இருக்கிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்.

மெஷின் முதல்முதலாக ஓடிய செய்தி எப்படியோ செசிலிக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாக பஸ் ஏறிப் பொங்கோலுக்கு வந்தாள். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் கொட்டகையைக் காட்டச் சொன்னாள். “எது அத்தான் அந்த லீவர்?” என்றாள். உன் அப்பா காட்டினார். “இப்ப சரி பண்ணிட்டேம்மா. இனிமே தானா விழாது.” அவள் ஒற்றை விரலால் அதைத் தூக்கிப் பார்த்தாள், விட்டுப் பார்த்தாள். மெஷினை ஓட்டச் சொன்னாள். அது எவ்வளவு அமைதியாக ஓடும் தெரியுமா, பக்கத்தில் கோழி கொத்துகிற சத்தம்கூடக் கேட்கும். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அவள் அழுவாள் என்று நினைத்து அவள் தோளில் கை வைத்தேன். அவள் அழவில்லை.

“மெஷின் மேல எனக்குக் கோவம் இல்லக்கா,” என்றாள். “அவருமேலதான். கழட்டாதீங்கன்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். சாமியார் மந்திரிச்சுப் போட்டது, கையிலயே இருக்கட்டும், உங்களைக் காப்பாத்தும்னு சொன்னேன். எனக்குத் தெரியாம கழட்டிப் பையில போட்டுட்டாரு. கையில இருந்திருந்தா அவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது.”

உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். லேத் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்ன இரண்டு பொய்யில் பெரிய பொய்யை, அந்த லீவரை, அவள் எப்போதோ விட்டுவிட்டாள். பையில இருந்துச்சு என்று போகிறபோக்கில் சொன்ன சின்னப் பொய்யைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். இரண்டு பேரும் திறக்கவில்லை. “வா, சாப்பிடலாம்,” என்று நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று உனக்கே தெரியும், நீ அதை வேறு கண்ணால் பார்த்தாய். செசிலி மறுமணம் வேண்டாம் என்றுவிட்டாள். தேக்காவில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்க ஆரம்பித்தாள். அவளிடம் கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும், மாப்பிள்ளை மோதிரத்தைக் கழட்ட விடாதே என்று சொல்லித்தான் அனுப்புவாள். ஒருதடவை நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெண் வந்தது. மாப்பிள்ளைக்கு எங்கே வேலை என்று செசிலி கேட்க, ஜூரோங்கில் மெஷின் ஷாப்பில் என்றது. செசிலி வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். அந்தப் பெண் கிளம்பியதும் எனக்கு உட்கார முடியவில்லை. கறிவேப்பிலை வாங்கணும் என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குள் அதன் பின்னாலேயே ஓடி, மீன் கடைகள் பக்கம் பிடித்து நிறுத்தி, “பட்டறையில மட்டும் கழட்டச் சொல்லும்மா, கண்டிப்பா கழட்டச் சொல்லு,” என்றேன். அது என்னைப் பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டது. அந்தப் பையன் எப்படி இருக்கிறானோ என்று இப்போதும் எனக்குச் சில நேரம் தூக்கம் கெடும். நான் பார்க்காமல் எத்தனை பெண்கள் வந்து போனார்களோ.

அப்படியானால் அவளிடம் நிஜத்தைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன், உன் அப்பாவையும் என்னையும். ஒருநாள் அவள் வீட்டு அடுப்படியில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். முன்னறையில் அவள் பேசுகிற சத்தம் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். சூசையின் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, துணியால் கண்ணாடியைத் துடைத்தபடி, “ஏங்க கழட்டுனீங்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நேரம் கழித்து வீட்டுக்கு வந்த புருஷனைக் கேட்கிற குரல் அது. இத்தனை வருஷமாக அவனோடு சண்டை போட்டுக்கொண்டுதான் அவள் வாழ்கிறாள். அந்த வீட்டில் அவன் இன்னும் இருக்கிறான், அந்தச் சண்டையினால் இருக்கிறான். நீ சொன்னதைக் கேட்டுத்தான் அவன் செத்தான் என்று நான் சொன்னால் அவன் அன்றைக்கே அந்த வீட்டை விட்டுப் போய்விடுவான். பிறகு அவள் யாரோடு சண்டை போடுவாள், தன்னோடுதானே?

உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் செசிலிதான் கஞ்சி கொண்டுவந்து ஊட்டிவிடுவாள். ஒருநாள் அவர் கரண்டியை விலக்கிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “செசிலி, அந்த மோதிரம்...” என்று ஆரம்பித்தார். நான் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு, “பத்திரமா வெச்சிருக்கியா?” என்று முடித்துக்கொண்டார். நான் தலையாட்டியது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவர் நிம்மதியாகப் போனாரா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன், அதற்கு நான் காரணம் என்றும் சொல்வேன். இப்போது லேத் கிடக்கிற பக்கம் போனால் எனக்கு இரண்டு பேர் நிற்பது போல இருக்கிறது. அண்ணனும் தம்பியும், நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அப்பா இருந்தபோது நீ லேத்திடம் வந்தாலே உன் கடிகாரத்தைக் கழற்றச் சொல்லி, கழற்றியபின்தான் மெஷினைத் தொடவிடுவார். எனக்குப் பட்டறை விதி தெரியும்மா, நான் ஜாக்கிரதையாக இருப்பேன் என்று நீ சொல்வாய். உன் சித்தப்பாவுக்கும் தெரியும். உன்னைப் போல பேங்கில் கணக்குப் பார்த்துவிட்டு வார இறுதியில் லேத்தைத் தொடுகிறவன் இல்லை அவன், அதுவே தொழிலாக இருந்தவன். விதி தெரியாமல் அவன் சாகவில்லை. சொன்ன சொல்லுக்காகச் செத்தான். உனக்கும் அந்தக் குணம் இருக்கிறது. தவக்காலத்தில் ஐஸ் கச்சாங் சாப்பிட மாட்டேன் என்று சின்ன வயசில் சொல்லிவிட்டு, ஈஸ்டர் முடிந்து எல்லோரும் சாப்பிடும்போதும், எதுவரைக்கும் என்று நான் சொல்லவே இல்லையே என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நீ. சாமியாரே வந்து சொன்ன பிறகுதான் கரண்டியை எடுத்தாய். பிள்ளை சொன்ன சொல் தவறாதவன் என்று மற்ற அம்மாக்கள் பெருமைப்படுவார்கள். நான் அதற்குப் பயந்துதான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்றையும் மனசில் வாங்கிக்கொள். அப்பா எல்லாவற்றையும் சரிபண்ணிவிட்டார், இனி அந்த லேத் கடிக்காது என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். அவர் எதையும் சரிபண்ணவில்லை, பிரான்சிஸ். சரிபண்ண அங்கே ஒன்றுமே இல்லை. சூசையை இழுத்த அன்றைக்கு அது எப்படி இருந்ததோ அதைவிட நன்றாக, அதைவிட வேகமாக இப்போது ஓடும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அப்படி ஆக்கி வைத்திருக்கிறோம். அதைப் பிரித்துப் பூட்டு, அழகு பார், வேண்டிய மட்டும் ஓட்டு. ஆனால் அதன்மேல் ஒரு பழியும் இல்லை என்று தெரிந்துகொண்டு ஓட்டு.

இதை முதலில் ஷீலாவிடம் சொல். படித்து முடித்த அன்றைக்கே சொல். அந்தப் பெண் விளையாட்டுக்குக்கூட உன்னிடம், கழற்றாதே என்று சொல்லிவிடக் கூடாது. நாளைக்கு நீ பின்பக்கம் போகும்போது, கழட்டிட்டியா என்று கேட்கிற பெண்டாட்டியாக அவள் இருக்க வேண்டும். புருஷன்மேல் ஆசை இருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடு. எங்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கல்யாணத்தன்று செசிலி முன்வரிசையில் என் பக்கத்தில் இருப்பாள். வேறு மோதிரம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி அவள் மனசை உடைக்காதே, அதையே போட்டுக்கொள். கோயிலுக்கும் போட்டுக்கொண்டு போ, பேங்குக்கும் போட்டுக்கொண்டு போ. அந்த லேத்தின் பக்கம் போவதற்கு முன்னால் கழற்றிவிடு, ஒவ்வொரு தடவையும் கழற்றிவிடு. செசிலி உன்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள், சாகிற வரைக்கும் கேட்பாள். அவளுக்கு நீ என்ன பதில் சொல்வது என்றுதான் இந்த வாரம் முழுக்க யோசித்தேன், வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு சின்னப் பொய் சொன்னதற்காக உன்னை மணிக்கணக்கில் முட்டிபோட வைத்த அதே அம்மாதான் இதைச் சொல்கிறேன். பாவம் என்னைச் சேரட்டும். அவள் உன் கையைப் பிடித்து, “கழட்டலைல்ல?” என்று கேட்டால், கண்ணைப் பார்த்து, “இல்ல சித்தி,” என்று பொய் சொல். பத்து விரலோடும் அவள் முன்னால் நின்று சொல்.

அம்மா